பாதை மேலே, வீடு கீழே

கலஹாவுக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டங்களில் கிளினிக் நாள் விடிகாலை நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. வேண்டியதெல்லாம் முந்தின இரவே பைக்குள் போயிருக்கும். பொலித்தீன் உறை போட்ட கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, போன மாதத்து வெறும் மருந்து உறைகள், தண்ணீர்ப் போத்தல், காலைக்கு இரண்டு ரொட்டி. லயத்திலிருந்து தெருவுக்கு ஏறும் கல்படிகள் மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். நாற்பது வருடம் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய கால்கள்தான் அவை. இப்போது பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகின்றன. பஸ்ஸின் மிதிபலகை முழங்காலுக்கு மேலே இருக்கிறது. கொண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டால்தான் ஏற முடியும். பேராதனைக் கலஹா சந்தியில் இறங்கும்போது நன்றாக வெளுத்துவிடும். பிறகு ஆஸ்பத்திரியில் இலக்கம், வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை. "பிரஷருக்கும் சீனிக்கும்" ஒரு மாத மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கூட வந்த மகளுக்கு அன்றைய பேர் போய்விடும். தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

கண்டி நகரின் அனிவத்தையிலும் அம்பிட்டியவிலும் வேறுவிதமான வீடுகள் இருக்கின்றன. ஐந்து அறை, பெரிய வரவேற்பறை, சுவரில் பட்டமளிப்புப் படங்கள். பிள்ளைகள் மெல்பேர்னிலும் டொரொன்டோவிலும் இருக்க, ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி மட்டும் வீட்டில். இங்கேயும் பாதை மேலே, வீடு கீழே. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடென்பதால் கேற்றுக்கு வர முப்பது படியாவது ஏற வேண்டும். முழங்கால் தேய்ந்த அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஐயா மருந்துக் கடைக்கு மட்டும், படிக்கு மேலே ஓட்டோவை வரச்சொல்லிப் போய்வருகிறார்.

வயதைக் கேட்டால் இரு வீட்டாரும் எழுபதுக்குச் சற்று மேல் என்றே சொல்வார்கள். ஆனால் அந்த வயதை எந்தக் கூரையின் கீழ் கழிக்கிறார்கள், மாதம் முடியும்போது கையில் ஏதாவது வருகிறதா, படியேறும்போது பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டால் இரு வீட்டிலும் வேறு வேறு பதில் வரும். முதுமை பற்றிய பேச்சு பெரும்பாலும் சதவீதங்களோடு நின்றுவிடுகிறது. கண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால் அந்தச் சதவீதத்துக்குள் எத்தனை விதமான வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்பது தெரியவரும்.

சதவீதத்தையும் விட்டுவிட முடியாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7.9 பேர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 12.6 ஆகிவிட்டது. தலைக்கணக்கில் சொன்னால், சுமார் 16 இலட்சமாக இருந்தவர்கள் பன்னிரண்டே வருடத்தில் 27 இலட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதே காலத்தில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பங்கு 25.2இலிருந்து 20.7ஆகக் குறைந்தது. 2013இல் நாட்டில் பிறந்த குழந்தைகள் 3 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேல். 2023இல் பிறந்தவர்கள் சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம்தான்.

இந்த வேகம்தான் நமக்குரிய சிக்கல். 65 வயதைக் கடந்தோரின் பங்கு நூற்றுக்கு 7இலிருந்து 14ஆக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் எடுத்தன. சுவீடனுக்கு 85 ஆண்டுகள். இலங்கை அதே தூரத்தை 23 ஆண்டுகளில் கடந்துவிடும் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டளவிலேயே கணித்திருந்தார்கள். பிரான்சில் தொழிற்சாலைகளும் ஓய்வூதியத் திட்டங்களும் முதியோர் மருத்துவமும் ஒவ்வொன்றாக வளர்ந்து நிலைபெற நாலு தலைமுறைக் காலம் இருந்தது. இங்கே ஒரு பெண் தாயாகி, பாட்டியாவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது.

அடிப்படையில் இது துயரக் கதை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1934-35இல் பரவிய மலேரியா, மகாவலிக் கரையோரக் கிராமங்கள் உட்பட நாடெங்கும் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. 1946இல் இலங்கையில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 43 வயதை ஒட்டியே இருந்தது. பின்னர் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டது. கிராமத்துக்குக் கிராமம் மருத்துவமாதுக்கள் போனார்கள், வைத்தியம் இலவசமானது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தது. படித்த பெண்கள் தாமதமாகக் கலியாணம் முடித்தார்கள். குறைவாகவே பிள்ளை பெற்றார்கள். 1950களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இருந்தது, 2016இல் 2.2 ஆகிவிட்டது. 1952இல் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் காலடி வைத்த முதல் மாணவர்களில் இன்று எஞ்சியிருப்போர் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் அத்தனை காலம் வாழ்வது நாடு பாடுபட்டுச் சம்பாதித்த பேறு.

பேறு வந்த வீட்டில் பொறுப்பும் வருகிறது. அது யார் தோளில் ஏறுகிறது என்று பார்த்தால், ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்திதான் தெரிகிறாள். மகளாக இருப்பாள், இல்லாவிட்டால் மருமகள். எண்பது வயது மாமியாருக்குக் குளிக்க வார்த்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, வேலைக்குப் போகும் மகனுக்குச் சோறு கட்டி, வெளிநாடு போன மகளின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உட்காரும்போது அவளுடைய முதுகே வலியெடுக்கத் தொடங்கிவிடும். இலங்கையில் தொழில் செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே உழைப்பாளர் கணக்கில் வருகிறார்கள். மற்றவர்களை "வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்கள்" என்று எழுதுவது பெரிய பிழை. நாட்டின் முதியோர் பராமரிப்பில் பெரும்பகுதி அவர்களுடைய கையால்தான் நடக்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது, சேமலாப நிதி கிடையாது, ஒரு நாள் லீவும் கிடையாது. இருபது வருடம் கழித்து அவர்களே முதியவர்களாகும்போது கையில் ஒன்றும் இருக்காது. பெண்கள் ஆண்களைவிட ஆறேழு வருடம் கூடுதலாக வாழ்வதால், கணவர் போனபிறகு தனியே கழிக்க வேண்டிய வருடங்களும் அவர்களுக்கே அதிகம்.

பொருளாதாரம் சரிந்த 2022இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்காகப் புறப்பட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் எண்ணிக்கை அதை ஒட்டியே இருந்தது. மலையகத்திலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை அம்மாயிகளும் அப்பாயிகளும் வளர்ப்பது பழகிப்போன காட்சி. இப்போது இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் முதியோரைப் பராமரிக்கவென்றே பயிற்சி பெற்றுப் போகிறார்கள். ஜப்பானில் பத்துப் பேரில் மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கே பராமரிப்புக்கு ஆள் போதாது. அங்கேயுள்ள பாட்டிக்குப் பக்குவமாகச் சோறூட்டக் கற்றுக்கொண்ட பெண்ணின் சொந்தத் தாய்க்கு இங்கே யார் சோறு போட்டுக் கொடுப்பது என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு விமானமும் ஏறுகிறது. வரும் பணத்தில் வீட்டுக் கூரை மாறுகிறது, பிள்ளை டியூசன் போகிறது, தாயின் கண்ணில் விழுந்த பூவும் எடுக்கப்படுகிறது. போகவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

பணத்தைப் பற்றிப் பேசினால் கண்டி மூன்றாகப் பிரிந்துவிடும். முதல் வகையினர் அரச ஊழியத்தில் இருந்தவர்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 7 இலட்சம் பேருக்கு மாதா மாதம் ஓய்வூதியம் கிடைக்கிறது. கண்டியின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபால், ரயில்வே உத்தியோகத்தர்களும் இதில் அடக்கம். தொகை சிறிதானாலும் தேதி தவறாமல் வருவதால் கடைக்காரர் கடன் கொடுக்கிறார், மகன் மதிக்கிறான். இரண்டாம் வகையினர் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமலாப நிதி கட்டியவர்கள். தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம் சேர்ந்து வளர்ந்த பணம் ஓய்வின்போது மொத்தமாகக் கைக்கு வந்துசேரும். மாதாமாதம் எதுவும் வராது. மூன்றாம் வகையினருக்கு இந்த இரண்டும் இல்லை. கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் மரக்கறி விற்றவர், குட்செட்டில் மூட்டை தூக்கியவர், வீடுகளில் துணி துவைத்தவர் எல்லாம் இதில் வருவார்கள். உடம்பு ஓயும் நாளில் அவர்களுடைய வருமானமும் ஓய்ந்துவிடும்.

தோட்டத்துப் பெண்மணி இரண்டாம் வகை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 18,900 ரூபாய். முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு 5 இலட்சத்து 67 ஆயிரம். சேமலாப நிதியும் சேர்ந்தால் வாழ்க்கையிலேயே முதன்முறையாகப் பெரிய தொகையொன்றை அவர் கையில் பிடிக்கிறார். அது எங்கே போகிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. அடகில் கிடந்த நகை, கடைக்குட்டி மகளின் கலியாணம், மகன் வாங்கிய முச்சக்கர வண்டியின் லீசிங், ஒழுகும் தகரம். ஒன்றிரண்டு வருடத்தில் பணம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு அவர் இன்னும் இருபது வருடம் உயிரோடு இருக்கலாம்.

அந்தப் பணத்தைப் பெறுவதே பலருக்குப் பெரும்பாடு. தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதிய எழுத்து, நாற்பது வருடத்துக்குப் பிறகு அலுவலக மேசையில் தடையாக வந்து நிற்கிறது. சத்தியக்கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துரையின் கடிதம் என்று கண்டிக்கும் கொழும்புக்கும் அலைகிறார்கள். 1948இல் குடியுரிமை பறிபோன மலையகத் தமிழ்ச் சமூகத்துக்குத் தாளில் தன் பெயரை நிலைநாட்டுவது எந்த வயதிலும் எளிதாக இருந்ததில்லை.

1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அந்தத் தலைமுறையின் முதுமையை இன்னொரு வகையிலும் தனிமையாக்கிவிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் முடிவானது. அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. இந்தியா போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒப்பந்தம் எழுதியபோது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. தமிழ்நாட்டின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் உடன்பிறப்புகளின் குரலைப் பேரப்பிள்ளைகளின் போனில் கேட்கிறார்கள். அங்கே அவர்களுக்காகவே தொடங்கிய டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் ஓய்வுபெற்றதும் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டிய சிக்கல் இருக்கிறது. கடலின் இரு கரையிலும் வேலை முடிந்தபின் எங்கே படுப்பது என்பதே கேள்வி.

லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. வீடு தோட்டத்தின் சொத்து. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யும்வரை அங்கே இருக்கலாம் என்பதே வழக்கம். மகனுக்குக் கலியாணம் ஆனதும் காம்பரா அவனுக்குப் போகும். தாய் இஸ்தோப்புக்கு நகர்கிறார். இஸ்தோப்பு என்பது லயத்தின் முன்திண்ணை. சாக்கையோ தகரத்தையோ கொண்டு ஒரு பக்கத்தை மறைத்து, ஒற்றைக் கட்டில் போட்டிருப்பார்கள். தலைமாட்டில் மருந்துப் பை, கால்மாட்டில் விறகு. மார்கழிப் பனி அந்த மறைப்பின் இடுக்கால் உள்ளே வரும். கக்கூசு வெளியே, சரிவில் இருக்கும். இரவில் எழும்பிப் போக வேண்டும் என்பதற்காகவே மாலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் வயசாளிகள் பலர். நீரிழிவுக்கும் சிறுநீரகத்துக்கும் அது எவ்வளவு கெடுதல் என்பதை எந்தக் கிளினிக் கொப்பியிலும் எழுதுவதில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் எழுந்த 550 சதுர அடி வீடுகளைக் காட்டி, "இப்ப கக்கூசு உள்ளுக்கே இருக்கு" என்று வயதானவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

சொத்துள்ள வீடுகளில் கவலை வேறு. உறுதியைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்த மறுநாள் முதல் மரியாதை குறைகிறது என்ற பேச்சு நகரத்தில் பலமாக உண்டு. கண்டி இராச்சியத்தின் பழைய வழக்கம் இதை முன்பே யோசித்திருந்தது. கண்டியச் சட்டத்தின்படி எழுதும் நன்கொடை உறுதியை, சில விலக்குகள் தவிர, கொடுத்தவர் தம் வாழ்நாளில் திரும்பப் பெறலாம். வயதான காலத்தில் பணிவிடை செய்வதை எதிர்பார்த்தே அப்படிக் காணி கொடுத்தார்கள். மகளை வெளியே அனுப்பாமல் மருமகனை வீட்டுக்கு எடுக்கும் "பின்ன" திருமணத்திலும் பெற்றோருக்கு ஓர் ஆள்துணை இருந்தது. இந்தச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு மட்டுமே உரியது. மற்றவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு: மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைக்கூடப் பெற்றவரின் பெரும் நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்தில் இரத்துச் செய்யக் கேட்கலாம். அதைவிடச் சுலபமான காப்பு, உறுதி எழுதும்போதே சீவிய உரித்தை, அதாவது உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, தமக்கு வைத்துக்கொள்வது. அனுபவமுள்ள எந்த நொத்தாரிசும் இதைத்தான் சொல்வார்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை. கைவிட்டால், பராமரிப்புச் சபையிடம் பெற்றோர் செலவுப் பணம் கோரலாம். 60 வயதானவர்கள் பிரதேச செயலகம் ஊடாக முதியோர் அடையாள அட்டை பெறலாம். ஆனால் பெற்ற பிள்ளை மேல் முறைப்பாடு எழுதிக் கொடுக்க எத்தனை தாய்க்கு மனம் வரும்? சட்டத்தில் குறை காண இடமில்லை. அதைப் பயன்படுத்தும்படி முதியவர்களை நிர்ப்பந்திக்காத ஊரே நல்ல ஊர்.

வருமானம் குறைந்த குடும்பங்களில் 70 வயதைக் கடந்தோருக்கு அரசு கொடுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. கிளினிக்கில் இல்லாத ஒரு மாத்திரையை வெளிக்கடையில் வாங்கி, பஸ் காசும் கொடுத்தால் பாதி போய்விடும். இருந்தாலும் அது அந்த முதியவரின் சொந்தப் பணம். பேத்திக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கும் பாட்டிக்கு வீட்டில் ஒரு குரல் உண்டு. 60க்கும் 70க்கும் இடையில் உள்ள பத்து வருடத்துக்கு இந்தக் குரலும் இல்லை. கொழுந்து பறித்துத் தேய்ந்த உடம்புக்கு எழுபது மிகவும் தூரம். இந்த வயதெல்லையைத் தோட்டத் தொழிலாளருக்கும் கடும் உடலுழைப்பாளருக்கும் குறைப்பது நியாயம்.

பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. தோட்டங்களில் பிறப்பு குறைந்ததால் பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைகள் காப்பகங்களில் முன்போல் கூட்டம் இல்லை. அங்கே சமையலறை, தண்ணீர், பாய், கூரை எல்லாம் உண்டு. பகலில் ஒரு பகுதியை முதியோருக்கு ஒதுக்கினால், மருமகள் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் இஸ்தோப்பில் தனியே கிடப்பவருக்குச் சூடாகச் சோறும் பேச ஆளும் கிடைக்கும். மாதாந்த மாத்திரையைக் கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் அப்பாலுள்ள தோட்டங்களுக்கே மாதம் ஒருமுறை கொண்டுவந்தால் மகளின் பேரும் மிஞ்சும், கிழவியின் முழங்காலும் தப்பும். மருந்து உறையில் எழுதுவதைத் தமிழிலும் எழுதலாம். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலவும் வரைந்து கொடுக்கலாம். இப்போது பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை எந்த உறை காலைக்கு, எந்த உறை இரவுக்கு என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

நகரத்திலும் இப்படிச் செய்யக்கூடிய சிறு வேலைகள் உண்டு. கண்டி வாவியைச் சுற்றிய நடைபாதையில் விடிகாலையில் நடப்பவர்களில் பாதிப் பேர் நரைத்த தலைக்காரர்கள். தட்டையான நல்ல பாதை கிடைத்தால் முதியவர்கள் வீட்டில் அடைந்து கிடப்பதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் வாவிக்கரை மட்டுமே கண்டி இல்லை. மகியாவையின் குறுகிய படிகளிலும் தெய்யன்னேவலையின் ஒழுங்கைகளிலும் தலைமுறை தலைமுறையாக நகரத்தைக் கூட்டித் துப்புரவு செய்தவர்கள் வயதாகிக் குந்தியிருக்கிறார்கள். கீழே தெருவுக்கு வரப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஓர் இரும்புக் குழாய், நாலு தூண், இரண்டு மூட்டை சீமெந்து இருந்தால் ஓர் ஒழுங்கைக்குக் கைப்பிடி போட்டுவிடலாம். தெரு விளக்குக்குக் கேட்பதுபோல், தண்ணீர்க் குழாய்க்குக் கேட்பதுபோல், வட்டார உறுப்பினரிடம் இதையும் கேட்கலாம். லயத்துக் கல்படிக்கும் அப்படித்தான். அடுத்த கிளினிக் திகதி கொப்பியில் ஏற்கெனவே எழுதியாயிற்று. இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.